வீட்டு யந்திரத்துக்கு எஜமானர் யார்?

சேர்வராயன் மலைமீது சுமார் 5,000 அடி உயரத்திலுள்ள ஏற்காட்டில் மூடுபனியைத் தடுக்க எந்தப் பூட்டாலும் ஆவதில்லை. ஆளில்லாத பங்களாவினுள் அது புகுந்து சுவரெல்லாம் பூஞ்சணம் பூக்கச் செய்கிறது. 10 சதவீத ஈரத்துக்கு உலர்த்திக் கிடங்கில் வைத்த காப்பிக்கொட்டையும் மறுபடி ஈரத்தை உறிஞ்சிக்கொள்கிறது. 1820-களில் சேலம் கலெக்டர் காக்பர்ன் துரை இங்கே காப்பியைப் புகுத்திய நாள் தொட்டுத் தோட்டக்காரர்களுக்கு உள்ள கவலை இது.

இன்று இதற்குப் பரிகாரம் உண்டு. ஈரம், உஷ்ணம், புகை, கதவின் அசைவு ஆகியவற்றை அறியும் 'சென்சார்' என்னும் சிறு கருவிகள் கம்பியின்றிச் செய்தி அனுப்புகின்றன. வீட்டு மூலையிலுள்ள ஒரு கம்ப்யூட்டர், தோட்டத்துக் கணக்கப்பிள்ளையைப் போல, அவற்றைக் குறித்து வைக்கிறது. ஈரம் மிஞ்சினால் விசிறியை ஓட்டுகிறது.

அந்தக் கணக்கப்பிள்ளை யாருக்கு ஊழியர் என்பதே நாம் கேட்பது. கடையில் விற்கும் யந்திரங்களிற் பல, வீட்டுச் செய்தியைத் தூரதேசத்துக் கம்பெனிக்கு அனுப்பி, அங்கிருந்து உத்தரவு வந்த பின்னரே விளக்கேற்றுகின்றன. நமது கிரய பத்திரங்களில் 'சகல பாத்தியங்களுடன்' என்று எழுதுவது வழக்கம். இங்கோ முழு விலை கொடுத்தவர் பெறுவது, கம்பெனியின் மனமிருக்கும்வரை அனுபவிக்கும் சலுகைதான். அமெரிக்காவில் 300 டாலருக்கு விற்ற 'ரிவால்வ்' யந்திரத்தின் சேவையை, அக்கம்பெனியை வாங்கிய நெஸ்ட் ஸ்தாபனம் 2016 மே மாதத்தில் நிறுத்திற்று. பழுதில்லாத யந்திரங்கள் வெறும் பெட்டிகளாயின. 2022 ஏப்ரலில் இன்ஸ்டியான் கம்பெனியின் சர்வர்கள் முன்னறிவிப்பின்றி நின்றன. வாடிக்கைக்காரர் சிலரே கூடி அக்கம்பெனியை வாங்கி மீட்க நேர்ந்தது!

2013-ல் பாலஸ் ஸ்கவுட்ஸன் என்பவர் தொடங்கிய 'ஹோம் அஸிஸ்டன்ட்' இந்த அடிமைத்தனத்துக்கு இடங்கொடுப்பதில்லை. அதன் மூலநிரல் பகிரங்கமானது. எவரும் படிக்கலாம், திருத்தலாம், விலையின்றி உபயோகிக்கலாம். 2024 முதல் லாபநோக்கமற்ற ஓபன் ஹோம் பவுண்டேஷன் அதைப் பரிபாலிக்கிறது. 'ராஸ்பெரி பை' என்ற உள்ளங்கையளவு கம்ப்யூட்டரே அதற்குப் போதும். இடிமழையில் இன்டர்நெட் அறுந்தாலும் ஏற்காட்டுக் கிடங்கின் விசிறி தன் வேலையைச் செய்யும். சென்னையிலிருந்து எட்டிப் பார்ப்பதுதான் தடைப்படும். மின்சாரமும் நின்றால் செய்வதற்கொன்றுமில்லை. ஆகையால் பேட்டரி ஒன்று அவசியம். சென்சார்களை வாங்கும்போதும், கம்பெனியின் சர்வரை நாடாமல் வீட்டினுள்ளேயே பேசுபவையா என்று விசாரித்தே வாங்கவேண்டும்.

இதை அமைக்கச் சிறிது பயிற்சி வேண்டும் என்பதை மறுப்பதற்கில்லை. வழிகாட்டும் நூல்களிற் பெரும்பாலானவை ஆங்கிலத்திலேயே உள்ளன. சேலத்து இஞ்சினீயரிங் மாணவர் இருவர் ஒரு விடுமுறையை இதற்குக் கொடுக்கலாம். திரும்புமுன், எந்த விளக்கு எரிந்தால் என்ன செய்வதென்று தமிழில் ஒரு தாள் எழுதிக் காவற்காரரிடம் கொடுத்துவிட்டு இறங்கட்டும்.