பிட்னஸ் பேண்ட் வாங்கப் போகிறீர்களா?

சர்க்கரை நோயாளியான என் அப்பாவின் நடைப்பயிற்சியைக் கணக்கிட பிட்னஸ் பேண்ட் வாங்கப் போனேன். “ஊசி குத்தாமலே சர்க்கரை அளவும் காட்டும் சார்” என்று மலிவான ஒன்றை நீட்டினார் கடைக்காரர். நான் வாங்கவில்லை. தோலில் குத்தாமல் தானாகவே சர்க்கரையை அளக்கும் எந்த வாட்ச்சுக்கும் அனுமதி தரவில்லை என்று அமெரிக்காவின் எப்.டி.ஏ. அமைப்பு 2024 பிப்ரவரியில் எச்சரித்திருந்தது. தவறான அளவை நம்பி இன்சுலின் போட்டுக்கொண்டால் உயிருக்கே ஆபத்து.

பட்ஜெட் விலை பேண்டில் இரண்டு வசதிகள் போதும். ஒன்று, நடையை எண்ணுவது. இதை உள்ளே இருக்கும் ஆக்ஸிலரோமீட்டர் சிப் செய்கிறது. மற்றொன்று, நாடித் துடிப்பு. இதைப் பின்புறம் மின்னும் பச்சை விளக்கும் சென்சாரும் கண்டறிகின்றன. ஜி.பி.எஸ். உங்கள் செல்போனிலேயே இருக்கும். அதற்காகத் தனியே செலவழிக்க வேண்டாம்.

வாங்கும் முன் மூன்று விஷயங்களைக் கேளுங்கள். இதன் ஆப் உங்கள் போனில் இயங்குமா? மாதக் கட்டணம் உண்டா? ஒருமுறை சார்ஜ் செய்தால் எத்தனை நாள் வரும்? பிறகு கையில் கட்டிக்கொண்டு 100 காலடி எண்ணி நடந்து பாருங்கள். பேண்டும் ஏறக்குறைய அதையே காட்டினால் தாராளமாக வாங்கலாம்.

அப்பாவும் இப்போது அப்படி ஒன்றைக் கட்டித்தான் நடக்கிறார். சர்க்கரைக்கு மட்டும் பழைய குளுக்கோமீட்டர்தான்!