புகையின் சடங்கு

பழவங்காடிப் பிள்ளையாருக்குத் தேங்காய் உடைத்த பின்னரே காரியம் தொடங்குவோரை நாம் அறிவோம். புகைப்பவருக்கும் ஒரு முறை உண்டு: தேநீர் அருந்தியதும் சட்டைப்பையைத் துழாவுதல், பற்றவைத்தல், நீள இழுத்தல். நிகோட்டின் சுமார் 10 வினாடிகளில் மூளையை எட்டி இன்பம் தருகிறது. ஏறத்தாழ 2 மணி நேரத்தில் அது இரத்தத்தில் பாதியாகக் குறைய, ஏக்கம் தலைதூக்குகிறது. பலகாலம் இவ்வாறு நிகழ்ந்தபின், தேநீரின் மணமே அவாவை எழுப்பிவிடும். நிகோட்டின் நீக்கிய சிகரெட்டுங்கூட ஏக்கத்தைச் சிறிது தணிப்பதை ஆராய்ச்சியாளர் கண்டுள்ளனர், விந்தைதான்! கைக்கும் வாய்க்கும் அதே வேலையையும், பெரும்பாலும் அதே நிகோட்டினையும் தருவதால் மின்சிகரெட்டு எளிதிற் பரவியது. பொது இடங்களிற் புகைப்பதைக் கேரள உயர்நீதிமன்றம் 1999-இல் தடுத்தது. மின்சிகரெட்டு விற்பனையை இந்திய அரசு 2019-இல் தடை செய்தது. கடையை மூடலாம், தேநீர் வேளையை மூட இயலுமா? நிகோட்டின் பட்டையைத் தோளில் ஒட்டிக்கொண்டவரின் விரல்களும் அவ்வேளையிற் சட்டைப்பையை நாடுகின்றன.