பிழை எந்தப் படியில்? – மடிக்கணனியின் வலையமைப்புக் கோளாறுகள் பற்றிய ஒரு விளக்கம்

"இணையம் இல்லை" என்பது ஒரு முறைப்பாடு. நோயின் பெயர் அன்று. வயிறு வலிக்கிறது என்று வருபவரிடம் வைத்தியர் எவ்விடத்தில், எப்போது முதல், உண்ணுமுன்னா உண்டபின்னா என்று வினவுவது போல, வலையமைப்புக் கோளாற்றையும் வினாக்களாலேயே அணுகவேண்டும். எமது பல்கலைக்கழகச் சூழலிலே இவ்வினாக்கள் பெரும்பாலும் எழுப்பப்படுவதில்லை. கணனியை அணைத்து மீண்டும் இயக்குதல், அதனாற் பயன் கிட்டாதவிடத்து எங்கோ வாசித்த கட்டளையொன்றைப் பொருளறியாது தட்டச்சுச் செய்தல் என்பனவே வழக்கமாகியுள்ளன. இவ்வழக்கத்துக்கு நாமும் விலக்கானவர்கள் அல்லர். அதனால் நேர்ந்ததைப் பின்னர் கூறுவோம்.

லினக்ஸ், ஃபிறீபிஎஸ்டி, ஓப்பின்பிஎஸ்டி முதலான யுனிக்ஸ் சார்ந்த இயக்க முறைமைகளின் சிறப்பு அவை பழுதுபடுவதில்லை என்பதன்று. பழுதுற்ற இடத்தைப் பயனரிடமிருந்து மறைப்பதில்லை என்பதே. அமைப்பு விபரங்களிற் பெரும்பாலானவை எவரும் திறந்து வாசிக்கத்தக்க எழுத்துக் கோப்புகளாகவே உள்ளன. மடிக்கணனிக்கும் தொலைவிலுள்ள வழங்கிக்கும் இடையிலான தொடர்பை ஐந்து படிகளாகக் கொள்ளலாம்: கருவி, இணைப்பு, எண்முகவரி, வழி, பெயர். ஒவ்வொரு படியும் தனக்குக் கீழுள்ளதை நம்பியே நிற்கின்றது. ஆகவே சோதனை கீழிருந்து மேல்நோக்கிச் செல்லவேண்டும். உலாவி நிற்பதோ உச்சிப்படியில். அது காட்டும் செய்தியை மட்டும் கொண்டு அத்திவாரத்தை மதிப்பிடல் இயலாது.

முதற்படியிலே கேட்கவேண்டியது, கம்பியில்லா இணைப்புக்கான சில்லினை முறைமை இனங்கண்டுள்ளதா என்பதாகும். 'எல்எஸ்பிசிஐ' என்னும் கட்டளை சில்லின் பெயரையும் அதற்குரிய இயக்கியையும் காட்டும். கருவின் செய்திகளைத் தரும் 'டிமெசேஜ்', நிலைபொருள் ஏற்றப்படாதிருப்பின் அதனை வெளிப்படையாகவே கூறும். நிலைபொருள் என்பது சில்லின் உள்ளே இயங்கும் செய்நிரல். அதனை ஆக்குவோர் உற்பத்தியாளர். அதன் மூலநிரலை அவர்கள் பெரும்பாலும் வெளியிடுவதில்லை. இக்காரணத்தால் டெபியன் அமைப்பினர் அதனைத் தமது உத்தியோகபூர்வ நிறுவல் வட்டுகளிற் சேர்க்காது நெடுங்காலம் கொள்கை காத்தனர். விளைவு விசித்திரமானது. வலையமைப்பை இயக்கத் தேவையான கோப்பினைப் பெறுவதற்கு வலையமைப்பு வேண்டியிருந்தது! 2022இல் நடைபெற்ற வாக்கெடுப்பின் பின்னர், 2023 ஜூனில் வெளியான 12ஆம் பதிப்பு முதலாக அந்நிலைபொருள்கள் வட்டிலேயே இடம்பெறுகின்றன. கொள்கை தளர்ந்தது குறித்து வருந்துவோர் உளர். எனினும், முதல் அடியையே எடுத்துவைக்க இயலாத பயனருக்குச் சுதந்திர மென்பொருளால் ஆவது யாது என்னும் வினாவே எமக்கு வலிதாகத் தோன்றுகின்றது.

சில்லு சரியாயிருந்தும் அலைகளே தென்படாவிடின், வானொலிப் பகுதி அணைக்கப்பட்டிருத்தல் கூடும். 'ஆர்எஃப்கில்' என்னும் கட்டளை, தடை மென்பொருளால் வந்ததா, மடிக்கணனியின் பக்கத்திலுள்ள சிறு ஆளியால் வந்ததா என்பதைப் பிரித்துரைக்கும். ஆளியால் வந்த தடையை எந்தக் கட்டளையாலும் நீக்கமுடியாது; விரலே வேண்டும்.

அடுத்து எண்முகவரி. 'ஐபி' என்னும் கட்டளையாலும், பிஎஸ்டி முறைமைகளில் 'இஃப்கொன்ஃபிக்' என்பதாலும் இதனைக் காணலாம். 169.254 என ஆரம்பிக்கும் முகவரி தென்படின், முகவரி வழங்கும் சேவை பதிலளிக்கவில்லை என்றும், கணனி தானே ஒன்றைப் புனைந்துகொண்டது என்றும் கொள்க. முகவரி முறையாயின், முதலில் நுழைவாயிலையும் பின்னர் வெளியுலக எண்ணொன்றையும் 'பிங்' கட்டளையால் அழைத்துப் பார்க்கவேண்டும். 1983 டிசம்பரில் அமெரிக்க இராணுவ ஆய்வுகூடமொன்றிற் பணிபுரிந்த மைக் மூஸ் இதனை எழுதினார். நீர்மூழ்கிகளைத் தேடும் ஒலிக்கருவியின் ஓசையே பெயராயிற்று. பதில் வராமை வழி அறுந்தமைக்கு முடிந்த சான்றன்று. இவ்வகை அழைப்புகளைத் தடைசெய்யும் வலையமைப்புகளும் உள. பதில் வருமாயின், கீழ்ப்படிகள் நான்கும் நலமே.

எஞ்சுவது பெயர். மனிதர் பெயரால் நினைவுகொள்வர். இயந்திரங்களோ எண்ணாலேயே தொடர்புகொள்ளும். ஆதியில் வலையமைப்பிலிருந்த கணனிகள் அனைத்தினதும் பெயர்கள் கலிபோர்ணியாவின் எஸ்ஆர்ஐ நிறுவனத்தில் ஒரே கோப்பிற் பேணப்பட்டன. அக்கோப்பு பெருத்துக் கையாள இயலாததாகவே, 1983இல் போல் மொக்கபெற்றிஸ் ஆள்களப் பெயர் முறைமையை வகுத்தார். பழைய கோப்பின் எச்சம் 'ஹோஸ்ற்ஸ்' என்னும் பெயரில் இன்றும் ஒவ்வொரு யுனிக்ஸ் சார்ந்த கணனியிலும் கிடக்கின்றது. எந்தப் பெயர்வழங்கியிடம் வினவுவது என்பதனை 'ரிசோல்வ் கொன்ஃப்' என்னும் சின்னஞ்சிறு கோப்பு கூறும். எமது கதை இக்கோப்பிலேயே அமைந்தது.

ஆய்வுச் சுருக்கமொன்றை அனுப்புவதற்கு இரு தினங்களே எஞ்சியிருந்த வேளையில், எமது டெபியன் மடிக்கணனி விடுதியிலே இணையத்தை இழந்தது. வீட்டில் அது குறையின்றி இயங்கியிருந்தது. எனவே குற்றம் பல்கலைக்கழக வலையமைப்பினதே எனத் தீர்ப்பளித்தோம். தொழினுட்ப உத்தியோகத்தர் மீது முறைப்பாட்டுக் கடிதமொன்றையும் எழுதி முடித்தோம். அதே அலையில் அயலறை நண்பரின் கைத்தொலைபேசி தடையின்றி இயங்கியதைக் கண்டும் அதன் பொருளை உணர்ந்தோமில்லை. சுருக்கம் ஈற்றில் அத்தொலைபேசி மூலமே அனுப்பப்பட்டது.

கடிதத்தைக் கையளிக்குமுன், குற்றச்சாட்டுக்குச் சான்று திரட்டும் எண்ணத்துடனேயே படிப்படியாகச் சோதித்தோம். முகவரி இருந்தது. நுழைவாயில் பதிலளித்தது. வெளியுலக எண்ணும் பதிலளித்தது. பெயரைக் கொடுத்தபோது மாத்திரம் கணனி சில விநாடிகள் மௌனித்துப் பின்னர், பெயரை அறிதல் தற்காலிகமாகத் தவறியது என்று உரைத்தது. கோப்பைத் திறந்தோம். வெளிநாட்டுப் பெயர்வழங்கியொன்றின் எண் அதில் இருந்தது. அப்பல்கலைக்கழக வலையமைப்போ தனது சொந்தப் பெயர்வழங்கிக்கன்றி வேறெதற்கும் வினாச் செல்ல விடுவதில்லை. எண்ணை மாற்ற முயன்றோம். சகல அதிகாரமும் பெற்ற 'றூட்' பயனருக்கும் அனுமதி மறுக்கப்பட்டது.

சில மாதங்களுக்கு முன் வேகம் கூடும் என்ற ஆலோசனையொன்றை நம்பி அவ்வெண்ணை எழுதியவர் நாமே. முறைமை அதனைத் திரும்பத் திரும்ப அழித்தமையால், கோப்பை எவரும் மாற்றவியலாதபடி பூட்டும் கட்டளையொன்றையும் அவ்வாலோசனையிலிருந்தே பிரதிசெய்திருந்தோம். 'சீஎச்அற்றர்' என்பது அதன் பெயர். அது யாது செய்யும் என்று அன்று கேட்கவில்லை, பின்னர் மறந்தும்போனோம். வீட்டு வலையமைப்பு வெளிவினாக்களைத் தடுப்பதில்லையாதலால் தவறு அங்கு மறைந்து கிடந்தது.

பூட்டை நீக்குவதற்கு ஒரு வரியே போதுமாயிருந்தது. இணைப்பைத் துண்டித்து மீண்டும் ஏற்படுத்தியவுடன், நெற்வேர்க் மனேஜர் அக்கோப்பைப் புதிதாக எழுதியது. அதன் தலைவரியிலே, இக்கோப்பு தன்னால் ஆக்கப்பட்டது என்ற குறிப்பினை அது மீண்டும் பொறித்திருந்தது. சில மாதங்களுக்கு முன் நாம் வாசியாமலே அழித்த வரி அது. முறைப்பாட்டுக் கடிதத்தைக் கிழித்தெறிந்தோம்.