பிள்ளையை மடியில் வைத்தால் போதுமா?
நோயாளர் காவு வண்டியிலும் அவசர வாகனங்களிலும் சிறுவரை ஏற்றுவது பற்றி

சென்ற மாரிக்கு முந்திய மாரியில் ஓர் இரவு. வலிகாமம் வடக்கிலிருந்து எழும்பி இன்னும் சொந்தக் காணிக்குத் திரும்பாத ஒரு தோட்டக்காரக் குடும்பம். அவர்களின் இரண்டு வயதுப் பிள்ளைக்குக் காய்ச்சல் ஏறி வலிப்பு வந்துவிட்டது. அறைக் கதவைத் தட்டினார்கள். பங்கு வானில் தாயையும் பிள்ளையையும் ஏற்றிக்கொண்டு தெல்லிப்பழை வைத்தியசாலைக்குப் புறப்பட்டோம். தாய் பின் ஆசனத்தில் இருந்தார். பிள்ளை துவாயால் சுற்றியபடி அவர் மடியில் கிடந்தது. பின் ஆசனத்தில் பட்டி இருக்கவில்லை. அது ஒரு குறையாக அன்று நமக்குத் தோன்றவும் இல்லை.

வழியில் ஒரு கறுத்த மாடு குறுக்கே வந்தது. மழைக்குள் கடைசிவரை தெரியவில்லை. சாரதி பிறேக்கை அழுத்தி வெட்டியெடுக்க, வான் சறுக்கி மதகுக் கட்டில் மோதி நின்றது. முன்னால் பட்டி போட்டிருந்த நமக்கும் சாரதிக்கும் ஒரு கீறலும் இல்லை. பிள்ளை தாயின் கையைவிட்டுப் பறந்து முன் ஆசனத்தின் இரும்பில் அடிபட்டது. காய்ச்சலுக்குக் கொண்டுபோன பிள்ளைக்கு நெற்றியில் ஆறு தையல், ஒன்பது நாள் வைத்தியசாலை வாசம். இப்போது சுகமாக ஓடித் திரிகிறது.

ஆனால் அந்தத் தாய் சொன்னது இன்னும் நம் காதில் நிற்கிறது: "பாதர், நான்தான் பிடியை விட்டிட்டன். இறுக்கிப் பிடிச்சிருந்தா இப்பிடி நடந்திருக்காது." மாமியாரும் அதையே சொன்னாராம். அயலும் சொன்னதாம். மாதக் கணக்காக அந்தப் பெண் தன் இரண்டு கைகளையும் குற்றவாளிகளாக்கிக்கொண்டு இருந்தார். தவறு அவருடையது அல்ல, வண்டியைக் கொண்டுபோன நம்முடையது. அதற்கான கணக்கைக் கீழே தருகிறோம். வீட்டில் வாசித்துக் காட்டுங்கள்.

வண்டி ஓடும்போது அதற்குள் இருப்பவரும் அதே வேகத்தில்தான் ஓடிக்கொண்டிருக்கிறார். வண்டி எதிலாவது மோதினால் அது நின்றுவிடும், உள்ளே இருப்பவர் நிற்கமாட்டார். மணிக்கு 30 கிலோமீற்றர் வேகத்தில் போகும் வண்டி ஒரு விநாடியின் பத்தில் ஒரு பங்கு நேரத்தில் நிற்கிறது என்று வைத்துக்கொள்வோம். பத்துக் கிலோ எடையுள்ள பிள்ளையை அந்தக் கணத்தில் தடுத்து நிறுத்த, ஏறக்குறைய 85 கிலோ பாரத்தைத் தாங்கும் பலம் வேண்டும். வேகம் 50 என்றால் 140 கிலோ. யூரியா மூட்டை ஒன்று 50 கிலோ. ஏறத்தாழ மூன்று மூட்டையை, எந்த முன்னறிவிப்பும் இல்லாமல், கண் இமைக்கும் நேரத்துக்குள் இரண்டு கையால் ஏந்திப் பிடிக்க யாரால் முடியும்? தோட்டத்தில் மூட்டை சுமந்து பழகிய ஆம்பிளைகளாலும் முடியாது. அந்தத் தாய் விழித்திருந்தாலும், எவ்வளவு இறுக்கிப் பிடித்திருந்தாலும், பிள்ளை அவர் கையில் நின்றிராது.

அப்படியானால் நம் தாய்மார் இத்தனை காலமும் பிள்ளைகளை மடியில் வைத்துத்தானே கொண்டுபோனார்கள் என்று கேட்பீர்கள். கொண்டுபோனார்கள்தான். 1990 யூனில் வலிகாமம் வடக்கு எழும்பியபோதும், 1995 ஒக்டோபர் 30 இரவு வலிகாமம் முழுவதும் நாவற்குழிப் பக்கம் நகர்ந்தபோதும், பிள்ளைகள் மடியிலும் தோளிலும்தான் போனார்கள். அந்த இரவு நாமும் பள்ளிக்கூடப் பிள்ளையாக அந்த வீதியில் நின்றோம். உழவு இயந்திரப் பெட்டியிலும், லான்ட் மாஸ்ரரிலும், மாட்டு வண்டியிலும், சைக்கிள் கரியரிலும் சனம் போனது. நடக்கிற ஆளைவிட எந்த வண்டியும் விரைவாகப் போகவில்லை. அதற்கு முந்திய தடைக் காலத்தில் மண்ணெண்ணெயில் ஓடிய பழைய ஒஸ்ரின், மொறிஸ் மைனர் கார்கள்தான் வைத்தியசாலைக்கும் போயின. குண்டும் குழியுமான ஒழுங்கைகளில் அவை புகை கக்கிக்கொண்டு ஊர்ந்தன. அந்த வேகத்துக்கு மடி போதும்.

இன்று வீதி மாறிவிட்டது. 2009இன் பின்னர் ஏ-9உம் பலாலி வீதியும் காங்கேசன்துறை வீதியும் காப்பெற் போட்ட வீதிகளாகிவிட்டன. வேகம் இரண்டு மூன்று மடங்காகிவிட்டது. நம் பழக்கம் மட்டும் 1995இல் நிற்கிறது. முன் ஆசனப் பட்டி 2011இல் சட்டமாக்கப்பட்ட பின்னர் சாரதிமார் பட்டி போடப் பழகிவிட்டார்கள். பின்னால் இருக்கும் பிள்ளையைப் பற்றி நினைப்பவர் குறைவு.

இனி 1990 வண்டிக்கு வருவோம். 'சுவசெரிய' என்ற இலவச அவசர நோயாளர் காவு வண்டிச் சேவை, இந்திய அரசின் நன்கொடையுடன் 2016 யூலையில் மேல், தென் மாகாணங்களில் தொடங்கப்பட்டது. 2018 யூலையில் வட மாகாணத்துக்கும் வந்தது. எந்தத் தொலைபேசியிலிருந்தும் 1990 என்ற இலக்கத்தை அழைக்கலாம். நாம் எல்லோரும் ஊரைவிட்டு எழும்பிய ஆண்டும் அதே இலக்கம் என்பதால் நம் சனத்துக்கு அது மறக்காது. வண்டியில் சாரதியோடு, பயிற்சி பெற்ற அவசர மருத்துவ உதவியாளர் ஒருவரும் வருவார். இதனால் பலருக்கு ஒரு நம்பிக்கை: "அது வைத்தியசாலை வண்டி, அதற்குள் ஏறிவிட்டால் பயமில்லை." நோய்க்கு அது சரி. மோதலுக்குச் சரியல்ல. நோயாளர் காவு வண்டி மற்ற வண்டிகளைவிட விரைவாக ஓடுவது, சந்தியில் நிற்காமல் போவது. அதன் பின் பகுதியில் இரும்புப் பெட்டிகளும் ஒட்சிசன் சிலிண்டரும் உண்டு.

உலகில் மற்ற நாடுகளும் இதைப் பிந்தியே கவனித்தன. கார்களில் சிறுவர் இருக்கை கட்டாயமாகிப் பல ஆண்டுகள் கழிந்த பின்னர்தான், ஐக்கிய அமெரிக்காவின் தேசிய நெடுஞ்சாலைப் போக்குவரத்துப் பாதுகாப்பு நிர்வாகம், நோயாளர் காவு வண்டியில் சிறுவரை எப்படி ஏற்றுவது என்று 2012இல் பரிந்துரை வெளியிட்டது. அதன் சாரத்தை நம் நிலைமைக்கு ஏற்பச் சொல்கிறோம்.

நோயுற்ற பிள்ளை ஸ்ரெச்சரில் போகவேண்டும், தாயின் மடியில் அல்ல. ஸ்ரெச்சர்ப் பட்டி மார்புக்கும் இடுப்புக்கும் முழங்காலுக்கும் குறுக்கே வரவேண்டும். இரண்டு தோள்களுக்கு மேலாலும் பட்டி வரவேண்டும். இந்தத் தோள் பட்டியைத்தான் பலர் விட்டுவிடுகிறார்கள். அது இல்லாவிட்டால் மோதும்போது சிறுபிள்ளை பட்டிகளுக்கு அடியால் வழுக்கித் தலைப் பக்கமாக வெளியே வந்துவிடும். தாய் பக்கத்து ஆசனத்தில் தன் பட்டியைப் போட்டுக்கொண்டு பிள்ளையின் கையைப் பிடித்திருக்கலாம். பிள்ளை அழும்தான். அழுகிற பிள்ளை மூச்சு விடுகிற பிள்ளை என்று தாதிமார் சொல்வார்கள்.

பிரசவம் முடிந்த தாயையும் சிசுவையும் ஆதார வைத்தியசாலையிலிருந்து யாழ்ப்பாணம் போதனா வைத்தியசாலைக்கு மாற்றும்போது இருவரையும் ஒரே ஸ்ரெச்சரில் ஒரே பட்டியால் கட்டக்கூடாது. 50 கிலோ எடையுள்ள தாய் மோதலில் 700 கிலோவாக முன்னே வருவார். அவருக்கும் பட்டிக்கும் நடுவில் சிசு இருக்கும். இதற்கு மேல் எழுத மனம் வரவில்லை. சிசுவுக்குத் தனி இடம் கேளுங்கள். ஆசனத்தில் இருத்துவதானால், வண்டி போகும் திசைக்கு முதுகு காட்டியபடி சிசு இருக்கையில் இருத்தவேண்டும். சிசுவின் தலை பாரம், கழுத்து பலவீனம். முதுகு முழுவதும் அடியைத் தாங்கினால் கழுத்து தப்பும். எயார் பாக் உள்ள முன் ஆசனத்தில் மட்டும் அப்படி வைக்கக்கூடாது. அந்தப் பை வெடித்து விரியும் விசையே சிசுவைக் கொன்றுவிடும்.

நோயில்லாத மற்றப் பிள்ளைகள்தான் பெரிய சிக்கல். தகப்பன் தோட்டத்தில் அல்லது கூலி வேலையில். அயலில் உறவு இல்லை, ஏனென்றால் அயலே சிதறிப் போயிற்று. வீட்டில் விட ஆளில்லாமல் மூன்று பிள்ளைகளையும் தாய் வண்டியில் ஏற்றுவார். அவர்கள் பக்கவாட்டு வாங்கில் வரிசையாக இருப்பார்கள். உள்ளதில் ஆபத்தான இடம் அதுதான். முகம் முன்னோக்காமல் பக்கம் பார்த்திருக்கும் உடம்பை எந்தப் பட்டியும் சரியாகத் தாங்காது. சுகமான பிள்ளையைக் காவு வண்டியில் ஏற்றாமல் விடுவதே நல்லது. அதற்கு, காய்ச்சல் வருமுன்பே, அவசரத்தில் பிள்ளைகளைப் பொறுப்பேற்க ஒரு வீட்டைப் பேசி வைத்திருங்கள். இரவு இரண்டு மணிக்குத் தட்டக்கூடிய வீடாக இருக்கட்டும். நம் மாதர் சங்கங்கள் இதை ஒரு கூட்டத்தில் பத்து நிமிடத்தில் ஒழுங்கு செய்துவிடலாம்.

தீயணைப்பு வண்டி பற்றியும் ஒரு சொல். கிடுகுக் கொட்டில்கள் நெருக்கமாக நின்ற முகாம்களில் வாழ்ந்தவர்களுக்குத் தீப் பயம் புதிதல்ல. யாழ். மாநகர சபையின் தீயணைப்பு வண்டி வந்து தீயை அணைத்த பின், "பிள்ளைகளை இதிலேயே ஏற்றிப் போங்கோ" என்று கேட்கத் தோன்றும். கேட்காதீர்கள். பல தீயணைப்பு வண்டிகளின் ஆசனம், முதுகில் காற்றுச் சிலிண்டர் கட்டிய ஆளுக்காகச் செய்யப்பட்டது. பிள்ளை அதில் பொருந்தாது. பள்ளிக்கூடக் கண்காட்சியில் ஏறிப் பார்ப்பதானால், வண்டி நிற்கும்போது மட்டும்.

நெடுந்தீவு மக்களுக்கு இந்தக் கணக்கெல்லாம் தலைகீழ். அங்கே நோயாளி குறிகட்டுவானுக்குப் படகில்தான் வரவேண்டும். படகில் பிள்ளையை எதனுடனும் கட்டவேண்டாம். படகு கவிழ்ந்தால் கட்டிய பிள்ளை அதனோடு போய்விடும். பிள்ளையின் அளவுக்கேற்ற உயிர்காப்பு அங்கியே அங்கு காவல்.

வண்டி வர முன்பே போயாகவேண்டிய நிலையும் வரும். அப்போது பட்டி உள்ள வாகனத்தைத் தேடுங்கள். பிள்ளைக்குத் தனிப் பட்டி, தாய்க்குத் தனிப் பட்டி. ஒரே பட்டியை இருவருக்கும் சுற்றவேண்டாம். பட்டியே இல்லையென்றால் பின் ஆசனமும் மெதுவான ஓட்டமுமே மிச்சம். 60இல் வரும் அடியில் நாலில் ஒரு பங்குதான் 30இல். சாரதியிடம் "கெதியா, கெதியா" என்று நெருக்குவது நாம்தான், அதை நிறுத்தவேண்டும். வலிப்பு வந்த பிள்ளையை மோட்டார் சைக்கிளில் இருவருக்கு நடுவே செருகிக்கொண்டு போகவேண்டாம். பக்கவாட்டில் படுக்க வைத்து, வாயில் எதையும் வைக்காமல், 1990ஐ அழையுங்கள். பிள்ளையின் வயதையும் ஏறக்குறைய எடையையும் சொல்லி, சிறுவருக்கான பட்டி உண்டா என்று கேளுங்கள். பலர் கேட்டால் இல்லாத இடத்துக்கும் வரும்.

நம் வானின் பின் ஆசனங்களுக்கு இப்போது பட்டி பூட்டியாகிவிட்டது. கனடாவில் உள்ள ஒரு குடும்பம் வந்து போனபோது தங்கள் சிறுவர் இருக்கையை விட்டுச் சென்றது. நாலு வயதுவரை உள்ள பிள்ளைக்குப் போதும். அந்தத் தாய்க்கு அதில் பட்டி பூட்டும் விதத்தைக் காட்டினோம். ஒருமுறை பார்த்துவிட்டு, மற்றத் தாய்மாருக்கு அவரே காட்டத் தொடங்கிவிட்டார். இருக்கை அறை வீட்டு விறாந்தையில், சைக்கிளுக்குப் பக்கத்தில் இருக்கிறது. பிள்ளையைக் கிளினிக் கொண்டுபோகிறவர்களும் எடுத்துப் போகலாம். கேட்க வேண்டியதில்லை. பின்னேரம் திருப்பி வைத்தால் போதும்.