நின்ற வண்டியில் வற்றும் மின்சாரம்

மோட்டார் வண்டி ஓடும்போது கெட்டுப்போவது ஒரு தொல்லை. ஓடாமல் நின்ற இடத்திலேயே கெட்டுப்போவது அதனினும் பெரிய தொல்லை. மாலையில் நன்றாக ஓடி வந்து படலைக்குள் நின்ற வண்டி, மூன்று நாள் கழித்துத் திறப்பைத் திருகியதும் ‘டிக்’ என்ற ஓர் ஓசையோடு அடங்கிவிடுகின்றது. அன்றைய பயணம் சந்தைக்காயின் நட்டம் பெரிதன்று. பிரசவ வேதனையுற்ற பெண்ணொருத்தி வாசலிற் காத்திருப்பாளாயின் நிலைமை வேறு. இவ்வாறு நேர்ந்ததும் பெரும்பாலோர் புதிய பற்றரி ஒன்றை வாங்கிவிடுகின்றனர். சில வேளைகளில் அது சரியான பரிகாரமே. ஆனால் பல வேளைகளில், கசியும் குழாயை அடைக்காமற் புதுத் தொட்டி கட்டுவதையே அது ஒக்கும்.

பற்றரியின் இயல்பை அறிந்துகொண்டால் இந்நோயின் மூலத்தைக் காண்பது எளிது. 1859ஆம் ஆண்டிற் பிரான்சிய அறிஞர் கஸ்தோன் பிளாந்தே அமைத்த ஈய அமிலக் கலமே இன்றைய வண்டிப் பற்றரிக்கு மூதாதை. ஒவ்வொரு கலமும் ஏறத்தாழ 2.1 வோல்ற்று தரும். ஆறு கலங்கள் ஒன்றோடொன்று தொடுக்கப்பட்டிருத்தலின், முழுமையாக மின்னேற்றிய பற்றரி ஓய்ந்திருக்கும்போது 12.6 வோல்ற்றளவிற் காட்டும். 12.2 காட்டின் பாதி தீர்ந்தது எனவும், 12க்குக் கீழே இறங்கின் அனேகமாக வெறுமையாயிற்று எனவும் கொள்ளலாம். பன்னிரண்டுக்கும் பன்னிரண்டரைக்கும் இடையில் என்ன பெரிய வேற்றுமை எனச் சிலர் எண்ணுவர். அந்த அரை வோல்ற்றுக்குள்ளேதான் பற்றரியின் வாழ்வும் தாழ்வும் அடங்கியுள்ளன.

நிறுத்திய வண்டி முற்றிலும் உறங்குவதில்லை. மணிக்கூடு, திருட்டு எச்சரிக்கைக் கருவி, வானொலிப் பெட்டியின் நினைவு, இயந்திரத்தை ஆளும் கணினி ஆகிய யாவும் சிறிது மின்னோட்டத்தை உண்டுகொண்டேயிருக்கும். இது 50 மில்லி அம்பியருக்கு உட்பட்டிருப்பின் குற்றமில்லை. ஆயினும் 50 மில்லி அம்பியர் என்பது ஒரு நாளைக்கு 1.2 அம்பியர் மணி. 40 அம்பியர் மணி கொள்ளும் பற்றரியிற் பாதியை உண்பதற்கு அதற்குப் பதினேழு நாட்கள் போதும். 2020ஆம் ஆண்டின் ஊரடங்குக் காலத்திலும், 2022ஆம் ஆண்டின் எரிபொருட் பஞ்சத்திலும் வாரக்கணக்கில் நின்ற வண்டிகள் பல உயிரிழந்து கிடந்தமைக்கு இக்கணக்கே போதிய காரணம். அவற்றுட் பலவற்றில் எவ்விதப் பழுதும் இருக்கவில்லை. ஒரு மாதம் நின்ற வண்டி இயங்க மறுப்பது இயற்கை. இரண்டு மூன்று நாளில் மறுப்பதே நோய்.

முதலில் விடைகாண வேண்டிய வினா, குற்றம் பற்றரியிலா வண்டியிலா என்பதாகும். இதற்குப் பெரிய கருவி எதுவும் வேண்டியதில்லை. பற்றரியை முழுமையாக மின்னேற்றிச் சில மணிநேரம் ஆறவிட்டு, வோல்ற்றளவைக் குறித்துக்கொண்டு, மறைமுனைக் கம்பியைக் கழற்றி ஓர் இரவு விட்டுவிட வேண்டும். விடியற்காலையில் அளவு கணிசமாக இறங்கியிருந்தால், கம்பி எதுவும் இணையாமலே அது வற்றியிருக்கின்றது, பற்றரியே பழுது. இறங்காதிருந்து, கம்பியைப் பூட்டி நிறுத்திய மறுநாளில் இறங்கினால், வண்டிக்குள் எங்கோ ஒரு திருடன் உளன். இந்த ஓரிரவுச் சோதனையைச் செய்யாமலே பற்றரிக் கடைக்கு ஓடுவோர்தாம் மிகுதி.

திருடனைப் பிடிக்க அம்பியர் அளக்கும் மீற்றர் ஒன்று வேண்டும். இன்று சிறு மின்சாதனக் கடைகளிலும் அது கிடைக்கின்றது. மறைமுனைக் கம்பியைக் கழற்றி, அக்கம்பிக்கும் பற்றரி முனைக்கும் இடையே மீற்றரை 10 அம்பியர்த் துளையிற் பொருத்தி இணைத்தல் வேண்டும். இணைத்தபின் திறப்பைத் திருகுதலாகாது. இயந்திரத்தைத் தொடக்கும் மின்னோட்டம் நூறு அம்பியரையுந் தாண்டுமாதலின் மீற்றர் எரிந்துபோகும். மற்றொன்று பொறுமை. இக்கால வண்டிகளிற் கணினிகள் உறங்கச் செல்ல இருபது நிமிடமோ, சிலவற்றில் ஒரு மணிநேரமோ ஆகும். கதவைத் திறந்துவைத்தே சோதிப்பதாயின், கதவுப் பூட்டின் நாக்கை ஒரு முறுக்காணிச் சாவியால் மடக்கி, கதவு மூடியது என்று வண்டியை நம்பச்செய்தல் வேண்டும். அவசரப்பட்டு முதல் நிமிடத்தில் வாசித்த எண்ணை நம்பியவர்கள், இல்லாத பழுதைத் தேடி வண்டியின் பாதியைக் கழற்றியதுண்டு.

வண்டி உறங்கிய பின்னரும் மீற்றர் 300, 400 மில்லி அம்பியர் எனக் காட்டுமாயின், உருகிப் பெட்டியைத் திறந்து ஒவ்வோர் உருகியாகப் பிடுங்கிப் பார்த்தல் வேண்டும். எதனைப் பிடுங்கும்போது எண் சட்டெனத் தாழ்கின்றதோ அந்தச் சுற்றிலேதான் கசிவு. பெட்டியின் மூடியில் அச்சுற்று எவ்வெவற்றுக்கு மின் வழங்குகின்றது என எழுதியிருக்கும். அதன்பின் தேடல் ஒரு தெருவிலிருந்து ஒரு வீட்டுக்குச் சுருங்கிவிடும்.

ஓய்வுபெற்ற தம்பதியர் ஒருவரது வீட்டை எடுத்துக்கொள்வோம். பிள்ளைகள் கடல்கடந்து வாழ, வெள்ளிக்கிழமை கோயிலுக்கும் மாதமொருமுறை வைத்தியசாலைக்குமே வண்டி வெளிக்கிடுகின்றது. ஒன்றரை ஆண்டில் மூன்று பற்றரிகள் மாற்றியாயிற்று. மூன்றும் போலியென்று கடைக்காரர் மீது கோபம். உருகியைப் பிடுங்கிப் பார்த்தபோது உள்விளக்குச் சுற்றிற் கசிவு தெரிந்தது. ஆனால் உள்ளே ஒரு விளக்கும் எரியக் காணோம். பின்புறப் பொதிப்பெட்டியின் மூடியை அடைத்தாலும் அதன் ஆளி அழுந்தாமையால், மூடிய இருளுக்குள்ளே 5 உவாற்று மின்குமிழ் ஒன்று இரவும் பகலும் எரிந்துகொண்டிருந்தது. அது உண்பது 0.4 அம்பியர், ஒரு நாளைக்கு ஏறத்தாழ 10 அம்பியர் மணி. நான்கு நாளிற் பற்றரி வெறுமையாகும். வாரத்துக்கொருமுறை கோயிலுக்குப் போகும் சிறு ஓட்டம் அந்த இழப்பை எவ்வாறு ஈடுசெய்யும்? கைத்தொலைபேசியின் காணொளிக் கருவியை ஓடவிட்டுப் பெட்டிக்குள் வைத்து மூடியிருந்தால் ஐந்து நிமிடத்தில் விடை கிடைத்திருக்கும்.

உருகிகள் அனைத்தையும் பிடுங்கியும் எண் தாழவில்லையாயின் ஐயம் மின்பிறப்பாக்கியின் மேற் செல்லும். அதனுள் உள்ள டயோட்டுகள் மின்சாரத்தை ஒருவழிப்பாதையிற் செலுத்துவன. அவற்றுள் ஒன்று பழுதாயின் பற்றரியின் மின் பின்னோக்கி வழியும். பற்றரிக் கம்பியை முதலிற் கழற்றி, பின்னர் மின்பிறப்பாக்கியின் தடித்த கம்பியை விலக்கி, அதன் முனை எங்கும் படாது சுற்றிவைத்து மீண்டும் அளந்தால் உண்மை வெளியாகும். இலங்கை வீதிகளில் இன்னமும் காணப்படும் பழைய மொறிஸ் மைனர் வண்டிகளில் டயோட்டு இல்லை. டைனமோவும், மின் பின்னோக்கிச் செல்லாது துண்டிக்கும் ஒரு சிறு கருவியும் உண்டு. அதன் தொடுகை ஒட்டிக்கொண்டால் விளைவு ஒன்றே. அவ்வண்டிகளுட் பலவற்றில் நேர்முனையே உடலோடு இணைந்திருப்பதையும் மறத்தலாகாது.

பின்னாளிற் பூட்டிய வானொலிப் பெட்டியும் எச்சரிக்கைக் கருவியும் அடிக்கடி அகப்படும் குற்றவாளிகள். பற்றரியின் மேற்புறத்தில் அமிலமும் தூசியும் சேர்ந்த ஈரப்படையும் மின்னைக் கசியவிடும். சோடா உப்புக் கரைத்த நீரால், கலங்களுக்குள் ஒரு துளியும் இறங்காமற் கழுவித் துடைத்தால் அது தீரும். மின்னேறும் பற்றரியிலிருந்து ஐதரசன் வாயு எழுவதால் அருகிற் சுருட்டோ தீப்பொறியோ கூடாது. கழற்றும்போது வண்டியுடலோடு இணைந்த முனையையே முதலிற் கழற்ற வேண்டும். மற்றதைக் கழற்றும்போது சாவி உடலிற் பட்டுவிடினும் அப்போது பொறி பறவாது.

கலப்பு வண்டி வைத்திருப்போர் இது தமக்கன்று என எண்ணுவர். பெரிய மின்கலத்தொகுதி நிறைந்திருந்தும், கணினிகளை எழுப்பும் சிறிய 12 வோல்ற்றுப் பற்றரி வற்றியிருந்தால் அவ்வண்டியும் அசையாது.

கசிவை அடைத்த பின்னர், வெறுமையாய்க் கிடந்த பற்றரியைக் குறைந்த மின்னோட்டத்தில் ஆறுதலாக மின்னேற்றிப் பார்க்க வேண்டும். நெடுநாள் வெறுமையாய்க் கிடந்தால் தகடுகளில் ஈய சல்பேற்று இறுகிப் பழைய கொள்ளளவு மீளாது. அப்போது புதியது வாங்குவதிற் தவறில்லை. வாரக்கணக்கில் நிற்கப்போகும் வண்டியை ஐந்து நிமிடம் நின்ற நிலையில் உறுமவிட்டு அணைப்பதாற் பயன் சிறிது. தொடக்கியபோது செலவான மின்னும் நாள்தோறும் கசிந்ததும் அதற்குள் முழுதாக மீளா. அரைமணி நேரமேனும் வீதியில் ஓட்டவேண்டும். அதற்கு வழியில்லையாயின் உடலோடு இணைந்த கம்பியைக் கழற்றிவைத்தல் போதும். மணிக்கூட்டைப் பின்னர் திருத்திக்கொள்ள வேண்டியிருக்கும்.