உடம்பே நெய்த கம்பளி

மே மாதம் தென்மேல் பருவக்காற்று எழுந்துவிட்டால் இலங்கை மலையகத்து வட்டவளையில் மழைக்கு ஓய்வு கிடையாது. கடலிலிருந்து வரும் மேகம் இந்த மேற்குச் சரிவில் முட்டி அப்படியே கொட்டிவிடும். இங்கே வருடத்துக்கு 5,000 மில்லிமீற்றருக்கு மேல் மழை. யாழ்ப்பாணத்தில் பெய்வதைப்போல் ஏறத்தாழ நான்கு மடங்கு. இந்த மழையில் மலைக்குப் போய்த் தேயிலைக் கொழுந்து பறிக்க, அந்தக் காலத்தில் தோட்டத்து ஆட்களுக்குக் கரட்டுக் கம்பளி கொடுத்தார்கள். இன்று அந்த இடத்துக்குப் பிளாஸ்டிக் தாள் வந்துவிட்டது.

செம்மறி மயிரில் மழை சட்டென்று ஊறாததற்கு ஒரு காரணம் உண்டு. ஆட்டின் தோலுக்குள் ஒவ்வொரு மயிர்க்காலோடும் ஒட்டியபடி சின்னஞ்சிறு சுரப்பிகள் இருக்கின்றன. அவை சுரக்கும் மெழுகு போன்ற கொழுப்பு மயிரில் படிந்து தண்ணீரை வழிந்தோடச் செய்கிறது. அதைப் பிரித்தெடுத்துத்தான் லனோலின் என்ற பெயரில் உதட்டுப் பூச்சுகளிலும் களிம்புகளிலும் சேர்க்கிறார்கள். மழையில் கம்பளி போர்த்திக் கொழுந்து பறித்தவளின் முகத்திலும் அதே இனத்துச் சுரப்பிகள் இருந்தன. நெற்றி, மூக்கு, கன்னம், தாடை என்று, ஒரு சதுர சென்றிமீற்றருக்குள் 400 முதல் 900 வரை. படைத்தவன் ஆட்டுக்கு ஒரு கம்பளி கொடுத்தான். மனிதனுக்குக் கண்ணுக்குத் தெரியாத இன்னொன்றைக் கொடுத்தான்.

இந்தச் சுரப்பி வேலை செய்யும் விதத்தை அறிந்தால் கைகூப்பத் தோன்றும். வியர்வைச் சுரப்பி நீரை வெளியே தள்ளிவிட்டுத் தான் பிழைத்துக்கொள்ளும். எண்ணெய்ச் சுரப்பியின் உயிரணு அப்படிச் செய்வதில்லை. அது தனக்குள் கொழுப்பைச் சேர்த்துச் சேர்த்துப் பருத்து, கடைசியில் உடைந்து, தானே எண்ணெயாகிப்போகிறது. நம் முகத்தின் மினுமினுப்பு முழுவதும் அப்படித் தம்மையே கொடுத்துவிட்ட அணுக்களால் ஆனது.

இந்த வேலை நாம் பிறக்கும் முன்பே தொடங்கிவிடுகிறது. மாதக்கணக்கில் தண்ணீருக்குள் மிதக்கும் சிசுவின் தோல் ஊறி நைந்துபோகாமல் காப்பது, பிறந்த குழந்தையின் மேல் நாம் காணும் வெண்ணெய் போன்ற பூச்சு. அதிலுள்ள கொழுப்பில் பெரும்பங்கு இந்தச் சுரப்பிகளின் கொடை. வளர்ந்த பிறகு இதே எண்ணெய் தோலின் அமிலத் தன்மையைக் காத்து, தீய கிருமிகளுக்கு இடம் கொடுக்காமல் நிற்கிறது. மனிதத் தோலின் எண்ணெயில் மிகுந்திருக்கும் சேபியனிக் அமிலம், சீழ்க் கட்டிகளை உண்டாக்கும் பற்றீரியாவையே கொல்லக்கூடியது.

உள்ளங்கையிலோ இந்தச் சுரப்பி ஒன்றுகூடக் கிடையாது. இரண்டு இலையும் ஒரு மொட்டும் நழுவாமல் கிள்ள வேண்டிய விரலில் எண்ணெய் இருந்தால் என்னவாகும்? அது மட்டுமா? மழையில் நேரம் போகப் போக விரல் நுனி சுருங்கிச் சுருங்கி மடிகிறதே, அதுவும் தண்ணீர் ஊறியதால் மட்டும் வருவதில்லை. நரம்பு கட்டளையிட, உள்ளே இரத்தக் குழாய்கள் சுருங்குவதால் வருவது. நரம்பு அறுந்த விரல் எவ்வளவு நனைந்தாலும் அப்படிச் சுருங்காது. ஈரமான பொருளைப் பிடிக்க அந்தச் சுருக்கங்கள் உதவுகின்றன என்று 2013இல் இங்கிலாந்து ஆய்வாளர்கள் சோதித்துக் காட்டினார்கள். எங்கே எண்ணெய் வேண்டும், எங்கே வேண்டாம் என்ற கணக்கு தோலுக்குத் தெரிந்திருக்கிறது.

இத்தனை நேர்த்தியான ஏற்பாட்டில்தான் பருவும் முளைக்கிறது. எண்ணெய் வெளியேறும் துவாரத்தின் உட்சுவரிலிருந்து உதிரும் அணுக்கள் ஒன்றோடொன்று ஒட்டி அடைத்துக்கொள்கின்றன. உள்ளே எண்ணெய் தேங்குகிறது. காற்றில்லாத அந்த இடத்தில், வழக்கமாக நம்மோடு சமாதானமாக வாழும் ஒரு பற்றீரியா பெருகுகிறது. உடம்பின் காவல் அணுக்கள் ஓடிவருகின்றன. சிவப்பும் வீக்கமும் சீழும் அதன் விளைவு. இன்று கண்ணாடியில் தெரியும் பரு வாரக்கணக்கில் தோலுக்கு அடியில் உருவாகிக்கொண்டிருந்தது. கரும்புள்ளியின் கருமையும் அழுக்கினால் வந்ததல்ல. தோலின் நிறமியும் கொழுப்பும் காற்றுப் பட்டுக் கறுத்ததுதான். அதனால் தேசிக்காயும் முரட்டுச் சவர்க்காரமும் போட்டுத் தேய்த்தால் பரு போகாது, தோல்தான் புண்ணாகும்.

"வயசுப் பிள்ளைக்கு வர்றது, முப்பத்தஞ்சு வயசுல எனக்கு எதுக்குங்க?" என்று கேட்கும் பெண்கள் லயத்திலும் உண்டு, கொழும்பிலும் உண்டு. ஆண்தன்மை ஹோர்மோன்கள் பெண்ணுடலிலும் சிறிதளவு சுரக்கின்றன. எண்ணெய்ச் சுரப்பி அவற்றின் சொல் கேட்டு நடக்கிறது. மாதவிடாய்க்கு முந்திய வாரம் தாடையிலும் மோவாயிலும் வலியோடு எழும்பும் பரு அந்த ஏற்ற இறக்கத்தின் கணக்கு. மன உளைச்சலும் அதைக் கூட்டும். மாதவிடாய் தள்ளித் தள்ளி வந்து, மோவாயில் முடியும் தடித்து வளர்ந்தால், சூலகத்தில் நீர்க்கட்டிப் பிரச்சினை இருக்கிறதா என்று வைத்தியரிடம் பார்ப்பது அவசியம்.

தோட்ட வேலைக்கே உரிய காரணமும் ஒன்று உண்டு. கொழுந்துக் கூடையின் கயிறு தலையில் அழுத்தும் இடத்தில், அடியில் மடித்து வைத்த துணி வியர்வையிலும் தலைக்குத் தேய்த்த எண்ணெயிலும் ஊறி, நாள் முழுதும் உராய்கிறது. மேலே காற்றுப் புகாத பிளாஸ்டிக். நெற்றியோரமாக வரிசை பிடித்து நிற்கும் சிறு பருக்கள் இந்த உராய்வின் வேலை. துணியை அன்றாடம் துவைத்துக் காயவைத்து மாற்றுவதும், எண்ணெய் நெற்றிக்கு வழியாமல் பார்ப்பதும் பாதி வைத்தியம்.

உணவுக்கும் இதில் பங்கிருக்கிறது. பப்புவா நியூகினியின் கிற்றாவா தீவில் கிழங்கும் மீனும் தேங்காயும் பழமும் உண்டு வாழ்ந்த 1,200 பேரைப் பரிசோதித்தபோது ஒருவர் முகத்திலும் பரு இருக்கவில்லை என்று 2002இல் ஓர் ஆய்வு வெளியானது. பரம்பரையும் அதற்குக் காரணமாயிருக்கலாம். ஆனாலும் மாவு ரொட்டியையும் சீனி அள்ளிப் போட்ட தேத்தண்ணியையும் குறைத்துப் பார்ப்பதால் நட்டம் ஒன்றுமில்லை.

மருந்துகள் எளியவை. அடைப்பை அவிழ்க்க, விற்றமின் ஏ வழிவந்த அடபலீன். இரவில் ஒரு பட்டாணி அளவு, பரு உள்ள பகுதி முழுவதும் மெல்லியதாக. பற்றீரியாவைக் குறைக்க பென்சோயில் பெரொக்சைட், 2.5 வீதமே போதும், தலையணை உறை வெளிறிப்போவதை மட்டும் கவனிக்க வேண்டும். கர்ப்பிணிகள் அடபலீனைத் தொடக்கூடாது. ஆழமாக வடு விழும் கட்டிகளுக்குத் தோல் வைத்திய நிபுணர் ஐசோட்ரெட்டினொயின் எழுதுவார். அது கருவிலுள்ள குழந்தையைக் கடுமையாகப் பாதிக்கும் என்பதால் அவர் கண்காணிப்பில்லாமல் விழுங்கக்கூடாது. வெள்ளையாக்கும் கிறீம்களை அறவே தவிர்க்க வேண்டும். பாதரசம் கலந்தவை இலங்கையில் பிடிபட்டிருக்கின்றன; ஸ்டீரொய்ட் கலந்தவை தாமே பருவை உண்டாக்கும்.

எதைப் பூசினாலும் பலன் தெரிய இரண்டு, மூன்று மாதம் ஆகும். தோலின் மேலடுக்கு தன்னைப் புதுப்பிக்கவே ஏறத்தாழ ஒரு மாதம் எடுக்கிறது. அந்த நடைக்கு நாம்தான் ஒத்துப்போக வேண்டும். அவசரப்பட்டுப் பிதுக்கினால், ஒரு வாரத்தில் ஆறவேண்டிய பரு நம் மாநிறத் தோலில் மாதக்கணக்கில் கரிய கறையாக நின்றுவிடும்.

மாதவிடாய் நின்ற பிறகு இந்தச் சுரப்பிகள் தாமாகவே ஓயத் தொடங்கும். முகம் வறண்டு, குளிரில் வெடித்து, அந்த எண்ணெய் கொஞ்சம் மிஞ்சியிருக்கக் கூடாதா என்று ஏங்கும் காலம் அது. ஆகவே பருவுக்கு வைத்தியம் செய்பவர் எண்ணெயைப் பகையாக நினைக்க வேண்டியதில்லை. துவாரத்தைத் திறந்துவிட்டு, மூன்று மாதம் பொறுத்திருந்தால் போதும். மிச்சத்தைத் தோல் பார்த்துக்கொள்ளும்.