திரையிற் கேட்ட பாடம்

யாப்பிலக்கணம் கற்பிப்போர்க்கு ஒரு சங்கடம் உண்டு. சீரை அசையாகப் பிரித்துக் கரும்பலகையிலே கோடிட்டுக் காட்டலாம். கோடு நிற்கும், அதனை அவ்விடத்தில் இட்ட காரணமோ காற்றோடு போய்விடும்.

2020 ஆம் ஆண்டிலே கொள்ளைநோயால் பாடசாலைகள் மூடப்பட்டபோது இச்சங்கடம் இருமடங்காயிற்று. அப்பொழுது இளம் ஆசிரியர் ஒருவர், கணினித் திரையில் நிகழ்வதையும் நாம் பேசுவதையும் ஒருசேரக் காணொளியாகப் பதியும் முறையை எனக்குக் காட்டினார். இதற்கு முன்னோடிகள் உளர். அமெரிக்காவில் வாழும் சல்மான் கான், தொலைவிலிருந்த தம் உறவுச் சிறுமிக்கு 2004 இல் கணிதம் சொல்லிக்கொடுக்கத் தொடங்கி, 2006 முதல் அத்தகைய பாடங்களை யூடியூப்பில் ஏற்றினார். அவற்றிலே ஆசிரியர் முகம் தோன்றாது. கறுப்புத் திரையில் எழுத்து வளரும். குரல் உடன் செல்லும்.

யான் கைக்கொண்டது ஓபிஎஸ் ஸ்டூடியோ என்னும் மென்பொருள், விலையின்றிக் கிடைப்பது. திரை முழுவதையும் பதியாது, பாடம் உள்ள சாளரத்தை மட்டும் தெரிந்துகொண்டேன். மாணாக்கர் கைத்தொலைபேசியிற் பார்ப்பர் ஆதலால் எழுத்துக்களைப் பெரிதாக்கினேன். ஒலிவாங்கியை வாய்க்கு அண்மையில் வைத்து, சிறிது பேசிப் பதிந்து கேட்டபின்னரே பாடத்தைத் தொடங்கினேன்.

'மலர்விழி' என்னும் சீரைப் பிரிக்கையில் என் கை தவறிற்று. கோடு 'மல' என்பதன் பின் விழுந்தது. "அன்று, ஒற்றுத் தனித்து அசையாகாது, முன்னெழுத்தைச் சார்ந்தே நிற்கும்" என்று சொல்லி, 'மலர்', 'விழி' எனத் திருத்தினேன். நிரையும் நிரையும் சேர்ந்து கருவிளம் ஆயிற்று. பின்னர், பண்டிதன் தவறுவதை மாணாக்கர் காண்பதா என்று நாணி, அப்பகுதியை வெட்டிவிட்டே அனுப்பினேன்.

அடுத்த வாரம் வந்த விடைத்தாள்களிற் பலவற்றில் அதே பிழை இருந்தது. அவர்களுக்கு வேண்டியிருந்த விளக்கத்தை யானே வெட்டி எறிந்திருந்தேன். அன்று மாலையே அப்பாடத்தை மீளப் பதிந்தேன். இம்முறை தவறும் திருத்தமும் உள்ளே இருந்தன.

நன்னூற் பாயிரம், இருமுறை கேட்பவன் நூலிற் பிழைபடான் என்றும், மும்முறை கேட்பவன் பிறர்க்கு முறையாக உரைக்க வல்லன் என்றும் கூறும். வகுப்பிலே மும்முறை கேட்கக் கூசும் பிள்ளை, பதிவை முப்பது முறையும் கேட்கலாம். ஆயினும் அதே பாயிரம், ஆசிரியர்பாற் பெறுவது காற்பங்கே என்றும், உடன் பயில்வோரிடத்து மற்றொரு காலும், பிறர்க்கு உரைப்பதால் எஞ்சிய அரையும் வரும் என்றும் வகுத்துரைக்கின்றது. என் பதிவு எத்துணைச் சிறந்ததாயினும் அக்காற்பங்கினைத் தாண்டாது.

ஆகவே, மாணாக்கர் ஒவ்வொருவரும் ஒரு குறளை அலகிட்டு, தம் குரலிலே விளக்கிப் பதிந்து அனுப்புமாறு பணித்தேன். வகுப்பிலே வாய்திறவாத மாணவி ஒருத்தியின் பதிவும் வந்தது. மூன்றாஞ் சீரில் அவள் கோட்டைத் தவறாக இட்டாள். சற்று நேரம் மௌனம். மூச்சொலி மாத்திரம் கேட்டது. பின்னர், "இல்லை, ஒற்று முன்னெழுத்தோடு போகும்" என்று தனக்குத்தானே சொல்லிக் கோட்டை மாற்றினாள்.

அவள் அதனை வெட்டாமலே அனுப்பியிருந்தாள். இரண்டு ஆண்டு அவளுக்குக் கற்பித்தும், அவள் சிந்திக்கும் ஓசையை அன்றுதான் முதன்முதற் கேட்டேன்.